வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட்டு மட்டும் வரலையா? ஆன்டிவைரஸையும் ஒரு கண்ணு பாருங்க

எங்க கடை ராமேஸ்வரம் பக்கத்துல, மண்டபம்ங்கிற ஊர்ல. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், நடுவுல லேப்டாப் சில்லறை வேலைன்னு எல்லாம் கலந்து ஓடுற கடை. "வைஃபை கோடு ஃபுல்லா நிக்குது தம்பி, ஆனா ஒண்ணுமே ஓபன் ஆகல"ன்னு யாராவது லேப்டாப்பை மஞ்சப்பையில போட்டுத் தூக்கிட்டு வந்தா நான் முதல்ல கேக்குறது "என்ன ஆன்டிவைரஸ் போட்டிருக்கீங்க"ன்னுதான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு பார்ப்பாங்க. நம்ம பக்கம் எது கெட்டாலும் உப்புக்காத்து மேல பழியப் போட்டே பழகிட்டோம்ல.

போன வாடைக்காத்து சமயம் கீழக்கரையில இருந்து ஒரு லாத்தா (அக்கா) போன் பண்ணாங்க. மகன் துபாய்ல. அங்க வாட்ஸ்அப்ல கால் பேச முடியாதுங்கிறதால லேப்டாப்ல போட்டிம்ங்கிற கால் பேசுற ஆப்பைப் போட்டு வச்சு, இஷா தொழுகைக்கு அப்புறம் பேரனைப் பார்த்துப் பேசுறது வழக்கம். திடீர்னு ஒருநாள் நின்னு போச்சு. கனெக்சன் குடுத்த கம்பெனியில இருந்து ஆள் வந்து ஜன்னலோரம் இருந்த ஃபைபர் கனெக்டரை மாத்துனாரு, ரெண்டு நாள் கழிச்சு வந்து ரவுட்டரையே மாத்துனாரு, அப்பவும் போனுக்கு வருது லேப்டாப்புக்கு வரல, "லேப்டாப் பழசும்மா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. கடைசியில பார்த்தா, லேப்டாப் வாங்கும்போதே கூட வந்த ஆன்டிவைரஸ் ட்ரையல் முடிஞ்சு அப்படியே கிடக்குது, அது மேலயே லீவுல வந்த மகன் இன்னொண்ணைப் போட்டுட்டுப் போயிருக்காரு. ரெண்டும் மல்லுக்கட்டி நடுவுல நெட்டைப் பூட்டிருச்சுங்க.

இது எப்படி நடக்குதுன்னு புரிய நம்ம பாம்பன் பாலத்தை நினைச்சுக்கோங்க. கப்பல் போறதுக்காக நடுத் தூக்கு மேல ஏறி நிக்குது, ரயில் மண்டபத்துலயே நிக்குது. என்ஜின் நல்லாத்தான் இருக்கு, தண்டவாளமும் நல்லாத்தான் இருக்கு, ராமேஸ்வரத்துல ஸ்டேசனும் திறந்துதான் இருக்கு. நடுவுல தூக்கு இறங்கல, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ், ஃபயர்வால் (எந்த டேட்டா உள்ள வரலாம், வெளிய போகலாம்னு பார்க்குற காவல்) எல்லாம் விண்டோஸுக்கும் நெட் கார்டுக்கும் நடுவுல அப்படி ஒரு தூக்கை மாட்டி வைக்குது, போற வர்ற டேட்டா எல்லாம் அதைத் தாண்டித்தான் போகணும். இதுல முக்கியமான சங்கதி என்னன்னா, நீங்க ஆன்டிவைரஸை "ஆஃப்" பண்ணுறது பாலத்தை இறக்கிட்டதா அர்த்தம் இல்ல, சில நேரம் பாலம் மேல நிக்கும்போதே ஆபரேட்டர் வீட்டுக்குப் போயிட்ட மாதிரி ஆயிரும். ஆஃப் பண்றது வேற, எடுக்கிறது வேற. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமதான் பல பேரு "நான் ஆஃப் பண்ணிப் பார்த்துட்டேனே, அது இல்ல"ன்னு சொல்லிட்டு விண்டோஸையே புதுசாப் போடுறாங்க.

லைனா, லேப்டாப்பா

முதல்ல இதைப் பிரிக்கணும். போனை எடுத்து ஏரோபிளேன் மோடு போடுங்க, அப்புறம் வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்க. ஏன் ஏரோபிளேன் மோடுன்னா, வைஃபையில நெட்டு இல்லேன்னா போன் சத்தமில்லாம சிம் டேட்டாவுக்குத் தாவிரும், நீங்க வைஃபை நல்லா இருக்குன்னு நம்பிருவீங்க. (தனுஷ்கோடிப் பக்கம் போனா போன் லங்கா டவரையே புடிக்குது, அதுக்கு எங்க தாவணும்னு ஒரு விவஸ்தையே இல்ல.) இப்ப இதுவரைக்கும் போகாத ஒரு வெப்சைட்டைத் திறந்து பாருங்க, ஏற்கனவே பார்த்த பக்கம்னா சேமிச்சு வச்சதைக் காட்டும்.

போன்லயும் வரலேன்னா ஃபைபர் பெட்டியில லைட்டைப் பாருங்க. எல் ஓ எஸ்னு எழுதியிருக்க லைட்டு சிவப்பா எரிஞ்சா வெளிச்சமே வரலன்னு அர்த்தம், லைன்லதான் கோளாறு, ஆன்டிவைரஸ் பாவம். போன்ல வந்து லேப்டாப்ல வரலேன்னா மேல படிங்க.

அதுக்கு முன்னாடி இன்னொரு சோதனை, எனக்கு ரொம்பப் புடிச்சது. ஏரோபிளேன் மோடை எடுத்துட்டு, போன்ல சிம் டேட்டாவுல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதுல சேருங்க. வீட்டு வைஃபையிலயும் வரல, ஹாட்ஸ்பாட்லயும் வரலேன்னா சந்தேகமே வேணாம், பாலம் லேப்டாப்புக்குள்ளதான் தூக்கி நிக்குது. ஹாட்ஸ்பாட்ல மட்டும் வருதுன்னா, வீட்டு வைஃபையை உங்க ஃபயர்வால் நம்பாத நெட்வொர்க்னு ஒதுக்கி வச்சிருக்கலாம், இல்ல ரவுட்டர்ல ஏதாவது செட்டிங் மாறியிருக்கலாம்.

திரையில என்ன சொல்லுதுன்னு எழுதி வைங்க

"ஏதோ இங்கிலீஷ்ல வருது"ன்னு சொல்லாதீங்க, ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. குரோம்ல நெட்வொர்க் ஆக்சஸ் டினைடுன்னு வந்தா அது நேராவே சொல்லுது, ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ மறிக்குதுன்னு. ப்ராக்ஸி கனெக்சன் ஃபெயில்டுன்னு வந்தா, நடுவுல ஒரு தரகன் இருந்தான், அவன் போயிட்டான், லேப்டாப் இன்னும் அவன்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். டிஎன்எஸ் ப்ரோப்னு ஆரம்பிச்சா பேரை நம்பரா மாத்துற வேலை நடக்கல. "உங்க கனெக்சன் பிரைவேட் இல்ல"ங்கிற மாதிரி சிவப்பு முக்கோணம் எல்லா சைட்டுக்கும் வந்தா ரெண்டே காரணத்தை முதல்ல பாருங்க. ஒண்ணு, ஆன்டிவைரஸ் பாதுகாப்பான சைட்டைக்கூட பிரிச்சுப் படிக்கிறதுக்குத் தன்னோட சர்டிஃபிகேட்டை (சைட்டு நிஜம்னு காட்டுற அடையாளச் சான்று) நடுவுல நுழைக்கும், அது கெட்டுப் போயிருக்கும். ரெண்டு, தேதி.

தேதி சின்ன விசயம் மாதிரி இருக்கும். உச்சிப்புளியில இருந்து ஒரு அண்ணன், சொந்தமா மீன்பிடிப் படகு வச்சிருக்கவரு, மீன்பிடித் தடைக்காலத்துல, அதான் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு வீட்லதானே இருக்கணும், பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி எடுத்தாரு. எந்த சைட்டும் திறக்கல, ஆன்டிவைரஸ் வேற என்னென்னமோ எச்சரிக்கை காட்டுது. மூலையில தேதியைப் பார்த்தா பல வருசம் பின்னாடி கிடக்கு. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032ன்னு பேரு, அது செத்தா கரண்ட்டு போகும்போதெல்லாம் தேதி அழிஞ்சிரும். பேட்டரியை மாத்துனோம், தேதியைச் சரி பண்ணோம், முடிஞ்சுது. அவரு அதுக்குள்ள புது ஆன்டிவைரஸுக்குக் காசு கட்டப் பார்த்தாரு.

கறுப்புத் திரை

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்க, சின்னப் பெட்டி வரும், அதுல சி எம் டி மூணு எழுத்தையும் அடிச்சு என்டர். பயப்படாதீங்க, இதுல நாம பார்க்கத்தான் போறோம், எதையும் மாத்தப் போறது இல்ல. கமாண்டு எல்லாம் இங்கிலீஷ்லதான் அடிக்கணும், நான் போன்ல சொல்ற மாதிரியே சொல்றேன்.

ஐபிகான்ஃபிக், ஒரே வார்த்தை, என்டர். வர்றதுல ஐபிவி4 அட்ரஸ்ங்கிற வரியைப் பாருங்க. 192.168னு ஆரம்பிச்சா ரவுட்டர் உங்களுக்கு இடம் குடுத்திருச்சு. 169.254னு ஆரம்பிச்சா ரவுட்டர்கிட்ட கேட்டு பதிலே வராம லேப்டாப் தானா ஒரு நம்பரை வச்சுக்கிச்சு. வைஃபை போட்டும் இப்படி வந்தா ஃபயர்வால் அந்தக் கேள்வியையே வெளிய விடாம இருக்க வாய்ப்பு இருக்கு. அதே இடத்துல டிஃபால்ட் கேட்வேன்னு ஒரு நம்பர் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1, அதான் உங்க ரவுட்டர்.

இப்ப பிங்னு அடிச்சு, ஒரு இடம் விட்டு, அந்த கேட்வே நம்பர். ரிப்ளை வந்தா ரவுட்டர் வரைக்கும் பாதை சரி. அடுத்து பிங் 8.8.8.8, அது கூகுளோட டிஎன்எஸ் நம்பர், வெளியூர் வரைக்கும் பாதை இருக்கான்னு காட்டும். மூணாவதா பிங் போட்டு கூகுள் டாட் காம். நம்பருக்கு ரிப்ளை வந்து பேருக்கு வரலேன்னா டிஎன்எஸ்தான் சிக்கல். மூணுக்கும் வருது பிரவுசர்ல மட்டும் வரலேன்னா ஆன்டிவைரஸோட வெப் ஷீல்டு (வெப்சைட்டைச் சோதிக்கிற பகுதி), இல்லேன்னா ப்ராக்ஸி (மேல சொன்ன தரகன்). ரிப்ளைக்குப் பதிலா "ஜெனரல் ஃபெயிலியர்"னு வந்தா காதைத் தீட்டிக்கோங்க, டேட்டா லேப்டாப்பை விட்டே கிளம்பல. ஃபயர்வால் மறிக்கும்போது அடிக்கடி வர்ற வார்த்தை அது. லாத்தா வீட்ல நாலு வரியும் அதான் வந்துச்சு, ரவுட்டரை மாத்துறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை அடிச்சுப் பார்த்திருந்தா ரெண்டு நடை மிச்சம்.

நிறுத்திப் பார்க்கிறது

கடிகாரம் பக்கத்துல சின்ன அம்புக்குறி இருக்கும், அதை அமுக்குனா உள்ள என்னென்ன ஓடுதுன்னு தெரியும். இன்னும் சரியாப் பார்க்கணும்னா விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள செட்டிங்ஸ் போய் மேனேஜ் ப்ரொவைடர்ஸ் பாருங்க, எத்தனை ஆன்டிவைரஸ், எத்தனை ஃபயர்வால்னு பட்டியலே இருக்கும். ரெண்டு பேரு இருந்தா ஒருத்தரை அனுப்பியே ஆகணும், ஒரு படகுக்கு ரெண்டு ஸ்ராங்கு (படகை ஓட்டுறவரு) ஆகாது. விபிஎன் (நெட்டை வேற சர்வர் வழியா சுத்தி விடுற சாஃப்ட்வேர்) இருந்தா அதையும் கவனிங்க, அதுல கில் ஸ்விட்ச்னு ஒண்ணு இருக்கும், விபிஎன் கட்டானா மொத்த நெட்டையும் சேர்த்துக் கட் பண்றதுதான் அதுக்கு வேலையே.

ஆன்டிவைரஸ் ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி 10, 15 நிமிசத்துக்கு மட்டும் நிறுத்தி (பாஸ்) வைங்க, "எப்பவுமே"ங்கிறதைத் தொடாதீங்க. அந்த நேரத்துல தெரிஞ்ச சைட் ஒண்ணை மட்டும் திறங்க, மெயில் அட்டாச்மென்ட், யார்கிட்டயோ வாங்குன பென்டிரைவ் எல்லாம் வேணாம். நெட்டு வந்திருச்சா, நல்லது, திருடன் யாருன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா பாதிப் பேரு இதோட நிறுத்திட்டு ஆன்டிவைரஸை அப்படியே ஆஃப்ல விட்டுருவாங்க. அப்படி விடாதீங்க. உள்ள ஃபயர்வால், வெப் ஷீல்டு, எச்டிடிபிஎஸ் ஸ்கேன் (பாதுகாப்பான சைட்டைப் பிரிச்சுப் படிக்கிறது)னு தனித்தனியா இருக்கும், எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டு ஒவ்வொண்ணா மட்டும் நிறுத்திப் பாருங்க. ஃபயர்வால்னா குரோமையோ எட்ஜையோ அனுமதிப் பட்டியல்ல சேருங்க, வீட்டு வைஃபையை நம்பிக்கையான நெட்வொர்க்னு மாத்துங்க. எது எங்க மாத்துனோம்னே தெரியலேன்னா செட்டிங்ஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டு போற பட்டன் இருக்கும், கூச்சப்படாம அமுக்குங்க.

பாஸ் பண்ணியும் வரலையா? ஆன்டிவைரஸ் குற்றமற்றதுன்னு தீர்ப்பு எழுதிராதீங்க. ஆபரேட்டர் வீட்டுக்குப் போயிட்டாரு, பாலம் இறங்கல.

எடுக்கிறது

நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்து, ஆன்டிவைரஸ் அப்டேட் ஆன மறுநாள் போச்சுன்னா இந்த வேலைக்கு நேரா வந்துருங்க. இது நமக்கு மட்டும் நடக்குற கூத்து இல்ல. 2010 ஏப்ரல் 21ல மெக்காஃபி ஆன்டிவைரஸ் கம்பெனி விட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த ஃபைல் ஒண்ணையே வைரஸ்னு புடிச்சு ஒதுக்க, உலகம் பூரா கம்ப்யூட்டர்ங்க திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி நெட்டும் இல்லாம நின்னுச்சு. 2024 ஜூலை 19 கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அப்டேட் கதை ஞாபகம் இருக்கும், ஏர்போர்ட்ல எல்லாம் நீலத்திரை, சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெசின்னு மைக்ரோசாஃப்ட்டே கணக்கு சொல்லுச்சு. காவலுக்கு வச்சதே கதவைச் சாத்துறது புதுசு இல்ல.

எடுக்கிறதுக்கு முன்னாடி மூணு காரியம். காசு கட்டுன ஆன்டிவைரஸ்னா லைசென்ஸ் நம்பரை நோட்டுல எழுதுங்க. வைஃபை பாஸ்வேர்டு தெரியுமான்னு பாருங்க, தெரியலேன்னா ரவுட்டர் அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் (நம்ம ஊர்ல அந்த ஸ்டிக்கர் உப்புல மங்கிப் போறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைக்கிறது நல்லது). மூணாவது, அந்த ஆன்டிவைரஸ் கம்பெனியோட ரிமூவல் டூலை (மிச்சமில்லாம துடைச்சு எடுக்கிற சாஃப்ட்வேர்) போன்ல டவுன்லோடு பண்ணி கேபிள் வழியா லேப்டாப்புக்கு மாத்தி வைங்க. நார்ட்டன், மெக்காஃபி, அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி, ஈசெட் எல்லாருமே தனித்தனியா வச்சிருக்காங்க. அந்தக் கம்பெனி சைட்ல மட்டும் எடுங்க, தேடும்போது மேல விளம்பரமா வர்றதுல கை வைக்காதீங்க, அதுல பாதி வேற வில்லங்கம்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ், அதுல ஆன்டிவைரஸைத் தேடி அன்இன்ஸ்டால். முடிஞ்சதும் ரீஸ்டார்ட்டுதான் குடுக்கணும், ஷட்டவுன் பண்ணி ஆன் பண்றது கணக்குல வராது. ஏன்னு கேட்டா, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு, ஷட்டவுன் பண்ணும்போது உள்ள ஓடிக்கிட்டு இருந்ததை அப்படியே உறைய வச்சுட்டு, மறுபடி ஆன் பண்ணும்போது அதையே எடுத்துப் போடும், ஆன்டிவைரஸோட பழைய டிரைவரும் (விண்டோஸுக்குள்ள ஓடுற குட்டி சாஃப்ட்வேர்) கூடவே எந்திரிச்சு வரும். ரீஸ்டார்ட்டுதான் சுத்தமா ஆரம்பிக்கும். "பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் தம்பி"ன்னு சொல்றவங்க யாருமே ரீஸ்டார்ட்டை அமுக்கியிருக்க மாட்டாங்க.

இன்னும் வரலேன்னா ரிமூவல் டூல். அதை சேஃப் மோடுல (விண்டோஸுக்கு அத்தியாவசியமானது மட்டும் ஓடுற நிலை) ஓட்டுறது நல்லது. ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் குடுங்க, நீலத்திரை வரும், ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்சன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பட்டியல் வந்ததும் 5 அமுக்குனா நெட்டோட சேர்ந்த சேஃப் மோடு. சில லேப்டாப்ல இந்த இடத்துல பிட்லாக்கர்னு (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) சொல்லி 48 இலக்க நம்பர் கேக்கும், அது பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும், அதனால இந்த வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போன்ல லாகின் பண்ணி அதைப் பார்த்துக்கோங்க. சேஃப் மோடுல நெட்டு வந்து சாதாரண மோடுல வரலேன்னா, வெளியில இருந்து போட்ட ஏதோ ஒரு சாஃப்ட்வேர்தான் மறிக்குதுன்னு கிட்டத்தட்ட உறுதி.

ஆன்டிவைரஸ் இல்லாம வெறும் மேனியா நிக்கிறோமேன்னு கவலைப்பட வேணாம். வெளி ஆன்டிவைரஸ் போனதும் விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் தானா எந்திரிச்சுக்கும், எந்திரிச்சிருச்சான்னு விண்டோஸ் செக்யூரிட்டியில ஒரு பார்வை பார்த்துருங்க. வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும்ங்கிறது என் அபிப்பிராயம், கடையில இருக்க மூணு மெசினும் அதுலதான் ஓடுது. ஆனா விண்டோஸ் 10ல இருக்கவங்க கவனிங்க, அதுக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14ஓட முடிச்சிருச்சு.

மிச்சம் மீதி

எடுத்த பிறகும் சில ஆணி சுவத்துலயே இருக்கும். அதே சின்னப் பெட்டியில என் சி பி ஏ, ஒரு புள்ளி, சி பி எல்னு அடிங்க, நெட் கார்டு எல்லாம் வரும். வைஃபை மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். டிக் போட்ட ஒரு பட்டியல் வரும், அதுல போன ஆன்டிவைரஸ் பேரோ அதோட ஃபில்டர்னோ ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா அந்த டிக்கை எடுத்துட்டு ஓகே. லாத்தா லேப்டாப்ல அந்த ட்ரையல் ஆன்டிவைரஸை எடுத்து ரெண்டு ரீஸ்டார்ட் ஆகியும் அதோட பேரு அங்க டிக்கோட உக்கார்ந்திருந்துச்சு. டிக்கை எடுத்த மறுநிமிசம் போட்டிம்ல விட்டுப்போன மெசேஜ் எல்லாம் டிங் டிங்னு வந்து விழுது, லாத்தா போனை வைக்காமலேயே அந்தப் பக்கம் பேரனைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

ப்ராக்ஸியையும் பாருங்க. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. நீங்களா எதுவும் போடலேன்னா கையால போடுற ப்ராக்ஸி ஆஃப்ல இருக்கணும். 127.0.0.1னு ஏதாவது எழுதியிருந்தா லேப்டாப் தன்கிட்டயே வழி கேட்டுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம், ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணியும் அதுவா திரும்ப ஆன் ஆனா அது நிஜ வைரஸாவே இருக்கலாம், விண்டோஸ் செக்யூரிட்டியில ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கு, அதை ஓட விடுங்க.

அடுத்து கறுப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, நெட் செட்டிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டு போற ரெண்டு வரி. நெட், எஸ், எச் மூணையும் ஒட்டி அடிச்சு, இடம் விட்டு வின்சாக், இடம் விட்டு ரீசெட். அடுத்தது அதே நெட் எஸ் எச், இடம், இன்ட், இடம், ஐபி, இடம், ரீசெட். ரெண்டும் முடிஞ்சு ரீஸ்டார்ட். இதுக்கும் மசியலேன்னா கடைசி ஆயுதம், செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ரீசெட். அது எல்லா வைஃபை பாஸ்வேர்டையும் மறந்துரும், விபிஎன் இருந்தா திரும்பப் போடணும், அதனாலதான் கடைசி. சில பேரு முதல் வேலையா இதை அமுக்கிட்டு அப்புறம் பாஸ்வேர்டு தெரியாம ரவுட்டரைக் கையில தூக்கிட்டு கடைக்கு வர்றாங்க.

இதுக்கு நடுவுல எங்கயாவது "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு சத்தம் போட்டு ஒரு திரை வந்தா கூப்பிடாதீங்க, பிரவுசரை மூடுங்க, மூடலேன்னா ரீஸ்டார்ட். எனிடெஸ்க் (தூரத்துல இருந்தே உங்க மெசினை இயக்குற ஆப்) போடச் சொல்லி உள்ள வந்து பேங்க் கணக்கைத் துடைக்கிற கூட்டம் அது. காசு போயிருச்சுன்னா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் போடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

எல்லாம் செஞ்சும் வரலேன்னா வைஃபை டிரைவரோ கார்டோதான், ஒரு லேன் கேபிளை நேரா ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்குக் குத்திப் பாருங்க, கேபிள்ல வந்தா வைஃபை பக்கம்தான் கோளாறு. குத்துறதுக்கு முன்னாடி கேபிள் முனையில இருக்க எட்டுக் கம்பியையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, பச்சை பூத்திருந்தா வேற கேபிள் எடுங்க. அங்க மட்டும் உப்புக்காத்தைத் திட்டலாம்.